விருந்துக்கு முன்னால்

விருந்துக்கு வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி என்று பத்திரிகைகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. தீபாவளிக்கு முந்தின இதழ்களிலும், பெண்கள் பகுதியிலும், நாட்காட்டியின் பின்பக்கத்திலும்கூட இவற்றைக் காணலாம். நான் இவற்றை விடாமல் படிக்கிறவன். வீட்டுக்கு யாரும் வருவதாக இல்லாவிட்டாலும் படிப்பேன். திரைச்சீலைகளை மாற்றுங்கள், கூடத்து நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளுங்கள், ஒட்டடை அடியுங்கள், வாசலில் கோலத்தைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள், பாயசத்துக்கு வேண்டிய முந்திரியை முதல் நாளே உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் உபயோகமான யோசனைகள்தாம். ஆனால் ஒரு விசித்திரம். இத்தனை வேலையையும் யார் செய்வது என்பது மட்டும் எந்தக் குறிப்பிலும் இருப்பதில்லை. வினைச்சொற்கள் எல்லாம் ஏவலில் இருக்கின்றன. ஏவப்படுகிறவருக்குப் பெயர் கிடையாது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவது சமையல் குறிப்புக்குச் சரி. இலக்கியத்துக்குச் சரியா?

தமிழர்கள் விருந்தோம்பலைப் பாடியதுபோல் வேறு எதையும் பாடியதில்லை என்று மேடைகளில் முழங்குகிறார்கள். இருக்கலாம். விருந்தைப் பாடியிருக்கிறோம். விருந்துக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்தேன். கணக்கு அவ்வளவு சந்தோஷம் தருவதாக இல்லை. ஆனால் அதில் சில இடங்கள் இருக்கின்றன. உலகத்தில் எந்த இலக்கியத்துக்கு முன்னாலும் வைக்கக் கூடியவை.

இந்தக் கேள்வி எனக்கு அழுத்தமாக எழுந்த இடம் சமையலறை அல்ல, ஒரு பாறை. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு குன்றைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் செய்து வைத்திருக்கிறான். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மகேந்திரனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பல்லவர் குடைவரைகளில் முதலாவது இதுதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். முகப்பில் கனத்த இரண்டு தூண்கள். இரு பக்கமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். ஓரங்களில் தடியோடு நிற்கிற வாயிற்காவலர் இருவர். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். அவ்வளவுதான். மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணோடு போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அங்கே கிரந்த எழுத்தில் வடமொழியில் ஒரே ஒரு சுலோகம் வெட்டியிருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்குமாக இந்த இலட்சிதாயதனம் விசித்திரசித்தன் என்னும் அரசனால் செய்விக்கப்பட்டது என்பது அதன் கருத்து. சரித்திரக்காரர்களுக்கு இது ஒரு முக்கியமான சான்று. அதற்கு முன்னால் நம் பக்கத்துக் கோயில்கள் இந்த நாலு பொருளாலும்தான் கட்டப்பட்டு வந்தன, அதனால் அழிந்தும் போயின என்பதை இந்த ஒரு சுலோகத்தை வைத்துத்தான் நிச்சயமாகச் சொல்கிறார்கள். நான் அதில் தலையிடவில்லை. கதை எழுதுகிறவன் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. மூன்று பெரிய விருந்தாளிகளுக்கு வீட்டைத் தயார் செய்துவிட்டு வாசலில் வந்து நிற்கிற ஒருவனுடைய பேச்சு அது.

நம் வீடுகளில் விருந்துக்கு அழைத்தவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இலையில் பதினாறு வகை இருக்கும். "விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை, ஏதோ இருந்ததை வைத்து..." என்பார்கள். இன்னொரு வகை உண்டு. "இந்தக் குழம்பில் தேங்காய் கிடையாது, வெங்காயம் கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று இல்லாதவற்றை வரிசையாகச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். மகேந்திரன் இந்த இரண்டாவது ஜாதி. 'மத்தவிலாசம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியவன் அல்லவா? விசித்திரசித்தன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று நாலு இல்லைகளை அடுக்கி அதன்மேல் ஒரு வீட்டை நிறுத்திவிடுகிறான். ஒரு சுலோகத்தில் இதைவிடச் சாமர்த்தியமாகப் பேச முடியாது.

சாமர்த்தியத்தை ரசித்து முடித்த பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. உலோகம் இல்லாத வீடு என்கிறானே, உளி எதனால் ஆனது? அந்தப் பாறையில் இரும்பு படாத இடம் ஒரு விரற்கடைகூட இருக்காது. வீட்டில் இரும்பு இல்லை என்பது உண்மை. வீடு முழுவதும் இரும்பால் ஆனது என்பதும் உண்மை. இரும்பு வந்தது, வேலை செய்தது, போய்விட்டது. அதைப் பிடித்திருந்த கையும் கூடவே போய்விட்டது. செங்கல்லும் மரமும் இல்லை என்று சொல்லவாவது செய்கிறது சுலோகம்; தச்சன் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்திலேயே தளவானூரில் மகேந்திரனுடைய இன்னொரு குடைவரை இருக்கிறது. அங்கே தமிழ்ப் பாட்டு ஒன்று வெட்டியிருக்கிறது. அதைச் சொன்னவர் செல்லன் சிவதாசன் என்று பெயரும் இருக்கிறது. அரசன் பெயர் இருக்கிறது, பாடினவர் பெயர் இருக்கிறது. குடைந்தவனைக் காணோம். இது எழுதுகிறவர்கள் சற்று நேரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

ஆனால் மகேந்திரனுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவன் 'செய்தேன்' என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'செய்விக்கப்பட்டது' என்கிறான். அந்தப் பிறவினையில் ஒரு நேர்மை இருக்கிறது. செய்தவன் வேறு ஒருவன் என்பது இலக்கணத்துக்குள்ளேயாவது ஒளிந்திருக்கிறது. "நேற்று எங்கள் வீட்டில் இருபது பேருக்கு விருந்து வைத்தேன்" என்று ஆபீசில் சொல்கிற நம்மவர் எத்தனை பேர் இந்தப் பிறவினைக்காவது இடம் கொடுக்கிறார்கள்?

ஆயத்தம் என்கிற காரியத்தின் சுபாவமே இதுதான். அது தன்னை அழித்துக்கொண்டால்தான் முழுமை பெறுகிறது. விருந்தாளி படியேறுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்துகிறோம். கரித்துணியை மறைக்கிறோம். வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொள்கிறோம். எல்லாம் தானாக நடந்தது போல இருக்க வேண்டும். வீட்டில் இது மரியாதை. ஆனால் கதாசிரியனும் கதவுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டால் அவன் எழுதுவது விருந்தாளியின் இலக்கியமாகத்தான் இருக்கும். கதவை விலக்கித் துடைப்பத்தைப் பார்த்தவர்கள் யார் யார் என்பதுதான் என் கணக்கு.

வள்ளுவர் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் ஒன்பதாம் அதிகாரத்தை இன்னொரு முறை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம். பத்துக் குறளிலும் அடுப்பு இல்லை, அரிவாள்மணை இல்லை, தண்ணீர் தெளித்த தரை இல்லை. விருந்தாளி இருக்கிறார், வாசலில் நிற்கிற வீட்டுக்காரர் இருக்கிறார், அவருடைய முகம் இருக்கிறது. முகம்தான் முக்கியம் என்பது வள்ளுவர் கட்சி. மலர்ந்த முகத்தோடு வரவேற்கிறவன் வீட்டில் திருமகள் தங்குவாள். முகம் கொஞ்சம் திரிந்தால் போதும், மோந்த அனிச்சம் போல விருந்தாளி வாடிவிடுவார். விருந்தாளியின் மனத்தை இவ்வளவு நுட்பமாக யாரும் சொன்னதில்லை. அந்த முகம் எங்கேயிருந்து வந்தது, காலையிலிருந்து எந்தப் புகையில் இருந்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம் அல்ல. நீதி நூல் அது. அதனிடம் கதையைக் கேட்பது நம் தப்பு. ஆனால் அதற்குப் பின் வந்த எத்தனையோ கதைக்காரர்கள் வள்ளுவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு எழுதிவிட்டார்கள். அதுதான் சங்கடம்.

புறநானூற்றுக்காரர்கள் இந்த விஷயத்தில் தைரியசாலிகள். 316-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீரனுடைய வீடு. முற்றத்தில் குப்பையும் செடியும் மண்டிக் கிடக்கிறது, யாரும் பெருக்கவில்லை. வீட்டுக்காரன் பகலில் கள்ளைக் குடித்துவிட்டுத் தூங்குகிறான். இவன்தான் எங்கள் தலைவன், நேற்று வந்த விருந்துக்குத் தன் பழைய வாளை அடகு வைத்தவன், இன்றைக்கு யாழ் அடகுக்குப் போகிறது என்கிறது பாட்டு. பெருக்காத முற்றத்தை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் இவனைப்போல் விருந்து செய்கிறவன் உண்டா என்று கேட்கிற துணிச்சல் சாதாரணமானதல்ல. நம் பத்திரிகைக் குறிப்பு ஆசிரியர்கள் இந்த வீட்டைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். வீடு தயாராக இருப்பது வேறு, வீட்டுக்காரன் தயாராக இருப்பது வேறு என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. வாளை அடகு வைத்து வாங்கின அரிசியை யார் உலையில் போட்டார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் 333-ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். கடன் கேட்டும் கிடைக்கவில்லை. விதைக்கென்று காயவைத்திருந்த தினையை உரலில் போட்டுவிடுகிறாள். அந்த ஒரு காரியத்தில் அடுத்த வருஷத்துச் சோறு முழுவதும் இருக்கிறது. அதைப் போட்ட கை யாருடையது என்றும் பாட்டில் இருக்கிறது.

இந்த விதையை எடுத்துக்கொண்டு ஒரு முழுக் காட்சியாகவே செய்துவிட்டார் சேக்கிழார். இளையான்குடி மாறனார் கதை எல்லோருக்கும் தெரியும். ராத்திரி, மழை, வறுமை, வாசலில் ஓர் அடியார். மாறனார் மனைவியைக் கேட்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை, கடன் தருவாரும் இல்லை, பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் உண்டு என்று வழி சொல்கிறவள் அவள். அவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் காலால் வழியைத் தடவித் தடவிப் போய் நெல்லை அள்ளி வருகிறார். விறகு இல்லை என்கிறாள். கூரைக் கழியை அறுத்துக் கொடுக்கிறார். கறிக்கு? முதிராத கீரையைப் பறித்து வருகிறார். ஒரே கீரையைப் பல கறியாக ஆக்குகிறாள் அந்த அம்மாள்.

வீட்டை விருந்துக்குத் தயார் செய்வது என்பதற்கு இதைவிடப் பயங்கரமான உதாரணம் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வீட்டை அலங்கரிக்கிறார்கள். இவர் வீட்டைப் பிரித்து அடுப்பில் வைக்கிறார். மண்டகப்பட்டில் மரம் இல்லாமல் வீடு செய்தான் அரசன் என்றால் இங்கே வீட்டிலிருந்து மரத்தை உருவிவிடுகிறான் ஏழை. சேக்கிழாருடைய கலை இதில் எங்கே இருக்கிறது என்றால், பக்தியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு விறகைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாக இல்லை என்று ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் அந்த இருவரும் ஒரு வழி காண்கிறார்கள். நல்ல நாவலாசிரியன் செய்கிற வேலை. இருந்தாலும் யோசனை சொன்னவள், வறுத்தவள், குற்றினவள், ஆக்கினவள் எல்லாம் ஒருத்தி. அவளுக்குப் பெயர் இல்லை. மாறனாருக்கு இருக்கிறது, ஊருக்கு இருக்கிறது. அவள் மனைவியார்.

பெயரோடும் விரலோடும் ஒரு பெண்ணைச் சமையலறையில் உட்கார்த்திப் பார்த்தவர் இளங்கோ. கொலைக்களக் காதையைக் கொலைக்காகவே எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அதன் முதல் பாதி போதும். கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியையும் கோவலனையும் அடைக்கலமாக ஒப்புவித்திருக்கிறார். மாதரி அவர்களைத் தன் ஆயர்குடியின் சந்தடிக்கு நடுவில் வைத்துக்கொள்ளவில்லை. செம்மண் பூசின, காவலுள்ள ஒரு சிறு வீட்டைத் தனியாக ஒதுக்கித் தருகிறாள். கண்ணகிக்குத் தலைக்கு நீராட்டுகிறாள். புதுப் பாத்திரங்கள் வருகின்றன. அரிசி, பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நெய் எல்லாம் வருகின்றன. இங்கே ஒரு சாதாரண எழுத்தாளன் இலையைப் போட்டுப் பதார்த்தங்களை வருணிக்கப் போயிருப்பான். இளங்கோ சாப்பாட்டின் ருசியைப் பற்றி வாயே திறப்பதில்லை. வளைந்த அரிவாளில் காய் நறுக்கின விரல் சிவந்ததைச் சொல்கிறார். முகம் வேர்த்ததைச் சொல்கிறார். புகையில் கண் சிவந்ததைச் சொல்கிறார். மாதரி மகள் ஐயை வைக்கோலைக் கொண்டு அடுப்பு மூட்டினதைச் சொல்கிறார். பிறகு கண்ணகி தரையில் தண்ணீர் தெளித்துக் கையால் மெழுகி வாழைக் குருத்தை விரிக்கிறாள். மயங்கிக் கிடக்கிற பூமியின் மூர்ச்சையைத் தெளிவிப்பதுபோல என்று அதற்கு ஓர் உவமை. இலை போடுவதற்குத் தண்ணீர் தெளிப்பதை நாம் தினம் பார்க்கிறோம். யாருக்குத் தோன்றியது, தரை மயங்கிக் கிடக்கிறது என்று?

அந்த வீடு அவளுடையதல்ல. பாத்திரம் அவளுடையதல்ல. அரிசி யாரோ கொடுத்தது. விருந்தாளியோ சொந்தக் கணவன். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏழடுக்கு மாளிகையில் இருந்தபோது அவளால் யாருக்கும் விருந்து செய்ய முடியவில்லை, ஏனென்றால் கணவன் வீட்டில் இல்லை. சாப்பாடு முடிந்து வெற்றிலை கொடுத்த பிறகு அதைத்தான் அவள் சொல்கிறாள். அறவோரைப் பேணவும் விருந்தை எதிர்கொள்ளவும் கொடுத்துவைக்காதவளாகப் போனேன் என்கிறாள். மாதவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கணவனை இழந்திருந்த காலத்தை விருந்தை இழந்திருந்த காலமாகச் சொல்லுகிறாள். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வீடு என்பது அவளுடையதாக இருந்தது விருந்து வந்தபோது மட்டும்தானோ என்னவோ. அதுவும் கணவன் இருந்தால்.

இன்னொன்றும் சொல்கிறாள். மாமனாரும் மாமியாரும் தன்னைப் பார்க்க வந்தபோது துயரத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாளாம். அந்தச் சிரிப்பு உண்மையானதல்ல என்று கண்டு அவர்கள் இன்னும் வருந்தினார்களாம். வள்ளுவர் முகத்தைக் கேட்டாரே, அந்த முகத்தைத் தயார் செய்வது எவ்வளவு கஷ்டம், செய்தாலும் எப்படிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கு இது பதில். குறள் விருந்தாளியின் வாட்டத்தைச் சொன்னது. இளங்கோ சிரித்தவளின் வாட்டத்தைச் சொல்கிறார். தமிழில் விருந்தைப் பற்றி எழுதப்பட்டதில் இந்தப் பகுதிக்கு மேலே நான் எதையும் வைக்க மாட்டேன். சாப்பிட்டு எழுந்த கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். மிச்சம் எல்லோருக்கும் தெரியும்.

நம் காலத்து வசனத்துக்கு வருவோம். ஆயத்தத்தையே கதையாக வைத்து எழுதப்பட்ட நாவல் என்றால் உடனே ஞாபகம் வருவது சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. 1963-இல் ஆனந்த விகடனில் கோபுலுவின் படங்களோடு வந்தது. ஒரு தென்னிந்தியக் கல்யாணத்தை அமெரிக்காவில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டிக்கு ஆசை. சாஸ்திரிகள் விமானத்தில் போகிறார்கள், சமையல்காரர்கள் போகிறார்கள், அப்பளம் இடுவதற்குப் பாட்டிமார்கள் போகிறார்கள். இதில் சாவி ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கல்யாணத்தைவிடக் கல்யாண ஏற்பாடுதான் தமாஷ். தாலி கட்டுவதில் கதை கிடையாது; அப்பளம் உலர்த்த இடம் தேடுவதில் இருக்கிறது. ஜாபிதாவையே கதையாக்குவது லேசான காரியமல்ல. பல பேர் அதற்குப் பிறகு முயன்று வெறும் ஜாபிதாவோடு நின்றிருக்கிறார்கள். ஆனால் அந்த நாவலில் யாருக்கும் அலுப்பு வருவதில்லை, பணமும் தீருவதில்லை. ராக்ஃபெல்லர் பணம் என்று ஏற்பட்ட பிறகு இல்லை என்ற சொல்லுக்கே இடமில்லை. ஹாஸ்யத்துக்கு அது பலம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது கல்யாணத்துக்குப் போய்த் தத்துவம் பேசுவது மாதிரி.

இல்லை என்ற சொல் புதுமைப்பித்தனுக்கு நன்றாகத் தெரியும். 1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைக் கடவுளைக் கேலி செய்த கதை என்று சொல்லிச் சொல்லியே தீர்த்துவிட்டோம். எனக்கு அது ஒரு விருந்தாளிக் கதை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முக்கில் ஆரம்பித்த சிநேகம், ஹோட்டலில் காப்பி, அப்புறம் திருவல்லிக்கேணியில் வீடு. பிள்ளை கடவுளோடு பேச்சு முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வரம் கிரம் என்று தொந்தரவு கூடாது என்று நிபந்தனைகூடப் போட்டாகிவிட்டது. வீட்டில் இருக்கிற காந்திமதி அம்மாளுக்கு மட்டும் தகவல் இல்லை. உறவுக்காரர் என்று ஒருவரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார் கணவர். மாறனார் வீட்டுக்கு வந்த அதே ஆசாமிதான். ஆனால் மாறனாராவது வீட்டுக்காரியைக் கேட்டார்.

சேக்கிழாருக்கும் புதுமைப்பித்தனுக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில் அளந்துவிடலாம். அங்கே வந்தவர் கடைசியில் சோதியாகிறார், சோதனை முடிகிறது. இங்கே வந்தவர் தங்குகிறார். குடித்தனம் எப்போதும் போல நடக்க வேண்டியிருக்கிறது. குழந்தை வள்ளி ஒருத்திதான் அவரை ஆயத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறாள். கூடத்தைச் சுத்தம் செய்யாமல், முகத்தைச் சரிசெய்யாமல், நேரே மடியில் ஏறிவிடுகிறாள். பிள்ளைக்கு விருந்தாளியிடம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கிற யோசனை இருக்கிறது, சேர்த்தும் விடுகிறார். புதுமைப்பித்தன் கடவுளைக் கேலி செய்யவில்லை. மூர்த்திகளுக்கு நாம் செய்து வைத்திருக்கிற வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு அவர் திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். மண்டகப்பட்டில் அந்த மூன்று அறைகளும் இன்று வெறுமையாகத்தான் இருக்கின்றன.

குழந்தையிடமிருந்து நேரே கு. அழகிரிசாமியிடம் போய்விடலாம். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் விருந்துக்கு ஏற்பாடு நடப்பது எதிர்வீட்டில். பணக்கார வீடு, தீபாவளி, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒரு ஜமீன் ராஜா வருகிறார். அங்கே என்னென்ன செய்திருப்பார்கள் என்பதை அழகிரிசாமி எழுதவில்லை. அந்த வீட்டுப் பையன் பேச்சிலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இவர் ஏழைத் தாயம்மாளின் குடிசையிலேயே இருந்துவிடுகிறார். அவளுக்கு மூன்று குழந்தைகள். தீபாவளிக்குக் குழந்தைகளுக்குத் துணி, வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு, அதற்கே எத்தனையோ கணக்கு. அந்த இரவில், உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஓர் அநாதைப் பையன் வந்து சேருகிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனை விரட்டவில்லை. ஆனால் அழகிரிசாமி அவளை உடனே தெய்வமாக ஆக்கிவிடவும் இல்லை. இன்னொரு வயிறு, இன்னொரு துணி என்கிற கவலை அவளுக்கு இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுகிறார். பிறகு அவள் அவனைத் தன் குழந்தைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். புண்ணுக்கு வலிக்காமல் எண்ணெய் தேய்க்க வேண்டும். தேய்க்கிறாள். வீட்டுக்காரருக்கென்று வாங்கின துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது.

இளங்கோ கண்ணகியின் விரலைப் பார்த்தார். இவர் தாயம்மாளின் உள்ளங்கையைப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டு. தரித்திரத்தைக் காட்டி நம்மை அழவைக்க அழகிரிசாமி எங்கேயும் முயலவில்லை. அழுதால் அது நம் இஷ்டம். தாயம்மாளும் எதிர்வீட்டுக்கு வந்த ராஜாவோடு தன் வீட்டுக்கு வந்தவனை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அவளுக்கு நேரமில்லை. ஒப்பிட்டுச் சொல்கிறவள் பெண் குழந்தை மங்கம்மாள்தான். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பையன் ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்கிறான். இவள் போட்டியில் தோற்கத் தயாராக இல்லை. எங்கள் வீட்டிலும்தான் வந்திருக்கிறான் என்கிறாள். வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் குளித்து, துண்டு கட்டிக்கொண்டு, உள்ளேதான் இருக்கிறான்.